கிளாசுக்கு 75 காசு

ராமநாதபுரம் மாவட்டத்தில் காப்பிச் செடி முளைக்காது. மலை கிடையாது, நிழல் கிடையாது, மழை ஐப்பசி கார்த்திகையில் வந்தால் உண்டு. அப்படியும் காப்பியின் பேரேட்டில் இந்தக் கரையின் பெயர் பழைய பக்கங்களிலேயே இருக்கிறது. 1830களில் இலங்கை மலைகளில் துரைமார்கள் காப்பித் தோட்டம் போட்டபோது பழம் பறிக்க ஆள் போனது இந்த வழியாகத்தான். ராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து ஆள் சேர்க்கிற கங்காணியின் பின்னால் நடந்து வந்தவர்கள் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் கரைகளில் தோணி ஏறினார்கள். மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை வரை நடந்தார்கள். தோணிக் கூலி, வழியில் பொங்கித் தின்ற அரிசி, குளிருக்கு வாங்கிய கம்பளி எல்லாம் கங்காணி கொடுத்த முன்பணமாக ஆளின் பெயரில் ஏறிக்கொண்டே வரும். முதல் கூடைப் பழத்தைப் பறிக்கும் முன்பே அவர் கடன்காரர். பிற்காலத்தில் அந்தக் கடனை ஒரு தாளில் எழுதி வைத்தார்கள். அதற்குத் துண்டு என்று பெயர். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அந்தத் தோட்டத்தார் துண்டில் உள்ள தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். 1921இல்தான் அந்த முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

காப்பி அதற்கு வெகு முன்பே போய்விட்டது. 1869இல் இலையில் துருப்போலப் படிந்த நோய் இருபது ஆண்டுக்குள் இலங்கைக் காப்பியை அழித்தது. தேயிலை வந்தது, கடன் மட்டும் மாறாமல் நின்றது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு ஆட்கள் ரயிலில் போனார்கள். போவதற்கு முன் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தடுப்பு முகாமில் தங்கி, அம்மை காலரா இல்லையென்று உறுதியான பிறகுதான் கப்பல். இன்று அந்த இடத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இலங்கை அகதிகள் முகாமும் இருக்கின்றன. ரயில் நிலையத்தின் பெயர் மட்டும் இன்னும் மண்டபம் கேம்ப்.

நான் இந்தக் கரையோரக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்துகிறவன். கேன்டீன் காப்பிக்கு நியாய விலை என்று நாங்கள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து, புது மாணவர்களிடம் முதல் பேச்சை மண்டபம் கேம்பிலிருந்துதான் தொடங்குகிறேன். பிரேசில், எத்தியோப்பியா என்று தொடங்கினால் முன்வரிசையே தூங்கிவிடும். கேம்ப் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்குகிற பிள்ளைகள் அவர்கள். ஒருவருக்காவது தாத்தா வழியில் கண்டிச் சீமைக் கதை இருக்கும். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியவர்கள் என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் வந்து சேர்ந்தவர்கள் பலருக்கு முதலில் கால் பட்டது ராமேஸ்வரம் மண். அவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அந்தக் காப்பித் தோட்ட ஆளைக் கட்டிப்போட்டது கூலி குறைவா, முன்பணமா?

பத்து நிமிஷத்துக்குச் சண்டை நடக்கும். அந்தச் சண்டைதான் எங்கள் பிரச்சாரத்துக்கு அடித்தளம்.

மேலை நாட்டில் இது எப்படி நடந்தது என்பதையும் சொல்வதுண்டு, சுருக்கமாக. 1988இல் நெதர்லாந்தில் மாக்ஸ் ஹவலார் என்ற முத்திரையோடு மெக்சிகோ நாட்டு ஒஹாக்கா மலை விவசாயிகளின் காப்பி கடைக்கு வந்தது. ஜாவா தீவில் டச்சுக்காரர்கள் காப்பிக்காகச் செய்த கொடுமையைப் பற்றி 1860இல் வந்த ஒரு நாவலின் நாயகன் பெயர் அது. அடுத்த ஆண்டே உலக நாடுகளுக்கிடையே இருந்த காப்பி ஒதுக்கீட்டு ஒப்பந்தம் உடைந்து விலை சரிந்தது. 2001வாக்கில் பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. மாணவர்கள் கொதித்தார்கள். 2003இல் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகம் உலகின் முதல் நியாய வணிகப் பல்கலைக்கழகம் என்று அறிவிக்கப்பட்டது. இன்று நியாய வணிக முத்திரை பெற்ற, கழுவிப் பதப்படுத்திய அராபிகா காப்பிக்குப் பவுண்டுக்கு 1 டாலர் 80 சென்ட்டுக்குக் குறையக் கொடுக்கக் கூடாது. ஊர்ப் பொதுக் காரியத்துக்கென்று இன்னும் 20 சென்ட் தனி. விவசாயிகள் சங்கம் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை வாங்குகிறவர் முன்னதாகவே தர வேண்டும் என்பது இன்னொரு விதி. முதல் இரண்டைத்தான் சுவரொட்டியில் போடுவார்கள். எனக்கு மூன்றாவதுதான் முக்கியம்.

ஆனால் இந்த யோசனை அங்கிருந்து இறக்குமதியானது என்று நினைக்க வேண்டியதில்லை. ஜே. சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர், கடைசிக் காலத்தை டி. கல்லுப்பட்டியில் கழித்து 1960 ஜனவரி 30 அன்று மறைந்தவர். பொருளை வாங்குகிறவனுக்கு அது உண்டான விதத்திலும் பொறுப்பு உண்டு என்று 1936லேயே புத்தகம் எழுதியவர். அவரே பனைவெல்லத்தின் பெரிய வக்கீல். கரும்புக்கு நல்ல நன்செய் நிலத்தையும் தண்ணீரையும் கொடுப்பதற்குப் பதிலாகத் தண்ணீரே கேட்காத பனையிடம் இனிப்பை வாங்கிக்கொள், நிலத்தில் தானியம் போடு என்பது அவர் வாதம். இந்த மாவட்டத்துக்கு இதைவிடப் பொருந்துகிற வாதம் இருக்க முடியாது.

இங்கேதான் எங்கள் பிரச்சாரம் திசை திரும்பியது. கேன்டீன் காப்பியில் மூன்று பொருள்: தூள், பால், இனிப்பு. தூள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பாக்கெட்டில் காப்பி இத்தனை, சிக்கரி இத்தனை என்றுதான் இருக்கும். காப்பி பாதிக்குச் சற்று மேலே இருந்தால் போதும், 51 சதவீதம், மீதி சிக்கரியாக இருக்கலாம் என்கிறது சட்டம். அந்தச் சிக்கரி குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிற கிழங்கு. முதல் வாரத்துப் பயிற்சியே இதுதான்: வீட்டுத் தூள் பாக்கெட்டைப் படித்துவிட்டு வா. அம்மாமார்களிடம் இந்தப் பயிற்சி கிளப்புகிற கலவரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. “இத்தனை வருஷமா கிழங்கையா குடிச்சோம்?” என்று ஒரு தாயார் போனிலேயே கேட்டார்.

நேர்மையாக விலை கொடுத்து வாங்குகிற தூள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோத்தகிரியில் ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் காப்பியும் தேனும் மிளகும் விற்கிறது. ஆந்திரத்தில் அரக்குப் பள்ளத்தாக்கின் ஆதிவாசிக் காப்பிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கும் ஆசைதான். ஆனால் கேன்டீன் ஒப்பந்தக்காரர் ஒரே ஒரு தடவை விலையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பத்து ரூபாய்க் காப்பியில் அவர் கையில் நிற்பது எவ்வளவு என்று வணிகவியல் வாத்தியாருக்குத் தெரியாதா? தூளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இனிப்பைப் பிடிப்போம் என்று முடிவெடுத்தோம். விற்கிறவர் வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்வரக்கூடிய பொருளில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. மூன்றில் அப்படிப்பட்டது, சீனிக்குப் பதிலாகப் போடக்கூடிய கருப்பட்டி மட்டும்தான்.

சாயல்குடி, கடலாடி, திருப்புல்லாணி, பெரியபட்டினம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் என்று கடலோர மணலெல்லாம் பனை. மாசி தொடங்கிப் பாளை சீவினால் ஆனி ஆடி வரை பதனி. பனையேறி ஒருவர் விடிவதற்கு முன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அதே மரங்களில் ஏறி இறங்குவார். காலையில் இறக்குவது, மாலையில் பாளை சீவுவது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார். தடவல் குறைந்தால் பதனி புளித்துக் கள்ளாகும், கூடினால் கருப்பட்டி கரிக்கும். இறக்கிய பதனியைச் சீமைக்கருவேல விறகில் வைத்துக் காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். எட்டு, பத்து லிட்டர் பதனி வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி. பதம் பார்த்து இறக்கித் துடுப்பால் கிண்டிச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் அந்த அடுப்பு முன்னால் அரை மணி நேரம் மாணவர்களை உட்கார வைத்தால் போதும், நான் வகுப்பில் உழைப்பின் விலை பற்றி நடத்துகிற பாடத்துக்கு அவசியமே இல்லை.

இப்போது முன்பணத்துக்கு வருவோம். பதனி இல்லாத மாதங்களில், அதாவது ஆவணியிலிருந்து தை வரை, பனையேறி வீட்டில் வருமானம் மெலிந்துவிடும். மழைக்காலத்துக் கூரை, பள்ளிக்கூடச் செலவு, தீபாவளி, கல்யாணம் எல்லாம் இந்த மாதங்களில்தான். வியாபாரி அப்போது பணம் தருவார், பெரும்பாலும் வட்டி என்று வாயால் சொல்லாமல். பதிலுக்குச் சீசனில் காய்ச்சுகிற கருப்பட்டி அவருக்குத்தான், அவர் சொல்லும் விலைக்குத்தான். சித்திரை வைகாசியில் எல்லோர் வீட்டிலும் சிரட்டை நிறைந்திருக்கும்போது விலை தரையில் கிடக்கும். அதே சரக்கு மார்கழியில் விலை ஏறி நிற்கும், அப்போது அது வியாபாரியின் குடோனில் இருக்கும். மரம் சொந்தமில்லாதவருக்கு இதற்கு மேல் மரக்காரருக்குப் பாட்டம் வேறு.

இதைக் கேட்டதும் பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள் தலையாட்டத் தொடங்கினார்கள். அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வலைக்கும் எஞ்சினுக்கும் பணம் கொடுத்தவரிடம்தான் மீனைப் போட வேண்டும், ஏலத்தில் என்ன விலை போனாலும் சரி. கடற்பாசி எடுக்கிற பெண்களுக்கும் ஏறத்தாழ இதே கணக்கு. காப்பித் தோட்டத்துத் துண்டைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு, கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் பதில் சொன்னாள்: “விலை கூடக் கொடுக்கிறேன்னு சொல்றவரு நூறு பேரு வருவாக சார். பழைய கடனைக் கட்டாம அவருக்கு எப்படி விக்கிறது?”

அதனால் எங்கள் பிரச்சாரத்தின் சாரம் விலை உயர்வு அன்று. கருப்பட்டிக்குச் சீசன் தொடங்கும் முன்பே பணம் போய்ச் சேர வேண்டும், அந்தப் பணம் யாரையும் கட்டிப்போடக் கூடாது. விலைப் பேச்சு அதற்கு அடுத்தது.

சொல்வது சுலபம். கல்லூரிப் பணத்தில் பொருள் வராமல் முன்பணம் கொடுக்க முடியாது, தணிக்கையில் நிற்காது. கேன்டீன் ஒப்பந்தமோ ஆண்டுக்கு ஒரு தடவை மாறும். ஒப்பந்தக்காரர் பத்து மாதம் கழித்து வரப்போகிற சரக்குக்கு ஏன் பணம் போடுவார்? வழியை அலுவலக அட்டெண்டர் ஒருவர்தான் சொன்னார். தீபாவளிப் பலகாரச் சீட்டு நடத்தாத ஊர் உண்டா? மாதா மாதம் கட்டுகிறோம், தீபாவளிக்குப் பெட்டி வருகிறது. அதே மாதிரி கருப்பட்டிச் சீட்டு போட்டால் என்ன? ஆசிரியர்கள், அலுவலர்கள், விடுதிப் பெண்கள், பழைய மாணவர்கள் ஆவணியிலிருந்து கட்டுவார்கள். தொகை கார்த்திகையிலும் தையிலுமாக இரண்டு தவணையில் பனையேறி வீடுகளுக்குப் போகும். சித்திரையிலிருந்து கருப்பட்டி வரும். சீட்டுக்காரர்கள் வீட்டுக்குப் பாதி, கேன்டீனுக்குப் பாதி. கேன்டீன் எடுத்துக்கொள்வதற்கு ஒப்பந்தக்காரர் அன்றன்று ரொக்கம் தருவார், அது சீட்டுக் கணக்கில் திரும்பச் சேரும். சீட்டுப் பணம் கட்டியவர் பனையேறியிடம் தனியாக எதுவும் கேட்கக் கூடாது, அவர் வெளியில் விற்பதையும் தடுக்கக் கூடாது. இந்த இரண்டு விதியையும் சீட்டு நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். மழை பொய்த்துப் பதனி குறைந்தால் நட்டம் பாதிக்குப் பாதி. இந்த ஒரு வரியை எழுதுவதற்கு எடுத்த நேரத்தில் ஒரு பாடத்திட்டமே எழுதியிருக்கலாம். கூட்டத்தில் பொருளாதாரத் துறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது, இன்னும் பேச்சு வார்த்தை சரியில்லை.

கேன்டீனில் காப்பி போடுகிற மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிக்குள் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் நேரே முதல்வர் அறைக்கு மனு எடுத்துக்கொண்டு போவார்கள். நான் பிள்ளைகளைக் காலை ஏழு மணிக்குக் கேன்டீன் அடுப்படிக்குத்தான் அனுப்புவேன். டிகாஷன் போடுகிற ஆளுக்குப் பிடிக்காத பொருள் அந்தக் கல்லாவைத் தாண்டாது. எங்கள் மாஸ்டர் ஆரம்பத்தில் ஒரே போடாகப் போட்டார்: “கருப்பட்டி போட்டா பால் திரிஞ்சிரும் தம்பி. அப்புறம் அந்தப் பாலுக்கு யாரு காசு கொடுக்குறது?” உண்மைதான். புளிப்பு ஏறிய பதனியில் காய்ச்சிய கருப்பட்டியைக் கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்துவிடும். அதனால்தான் நம் வீடுகளில் கருப்பட்டிக் காப்பி பெரும்பாலும் கடுங்காப்பி. சுக்குத் தட்டிப் போட்டால் அதற்கு நிகர் இல்லை, ஆனால் இளைஞர்கள் பால் இல்லாமல் தொடமாட்டார்கள்.

அதற்கு அடுப்படியிலேயே வழி கிடைத்தது. கருப்பட்டியைத் தட்டி, மூழ்கும் அளவு தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். மண்ணும் சுண்ணாம்பும் அடியில் தங்கும். வடித்ததை ஒரு கொதி விட்டுப் பாகாக ஆறவைத்துக்கொள்ள வேண்டும். கிளாசில் முதலில் பாகு, அதன் மேல் டிகாஷன், கடைசியாகப் பால். பால் கொதியில் இருக்கக் கூடாது, ஆற்றி ஊற்ற வேண்டும். டிகாஷன் சீனிக் காப்பிக்குப் போடுவதைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும், ஏனென்றால் கருப்பட்டிக்கென்று ஒரு புகைவாசம் உண்டு, அது மெலிந்த டிகாஷனை விழுங்கிவிடும். சிக்கரி கூடிய தூளில் கருப்பட்டி போட்டால் கசப்பும் புகையும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும். மாஸ்டரே இதைக் கண்டுபிடித்து, சிக்கரி குறைந்த தூள் வேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டார். நாங்கள் பேசிப் பேசி நகர்த்த முடியாத தூளை நாக்கு நகர்த்தியது.

கணக்கு இது. ஒரு கிளாசுக்கு 15 கிராம் கருப்பட்டி. கிலோவுக்கு 66 கிளாஸ். மண்டி விலைக்கு மேல் கிலோவுக்கு 50 ரூபாய் கூடக் கொடுத்தாலும் கிளாசுக்கு ஏறுவது 75 காசு. தூளில் ஒரு கிளாசுக்கு 8 கிராம் என்று வையுங்கள், கிலோவுக்கு 125 கிளாஸ். தூளுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் கிளாசுக்கு 80 காசு. இரண்டையும் சேர்த்தாலும் ஒன்றரை ரூபாய் சொச்சம். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்வரை, நியாய விலை என்றால் காப்பி இருபது ரூபாய் ஆகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உருக்கமான பேச்சு எதுவும் செய்யாத வேலையை இந்த வகுத்தல் கூட்டல் செய்தது. அந்தக் கணக்கைக் கேன்டீன் சுவரிலேயே எழுதிவைத்தோம்: பால் இவ்வளவு, தூள் இவ்வளவு, கருப்பட்டி, கேஸ், சம்பளம், ஒப்பந்தக்காரர் லாபம். லாபத்தை எழுத அவர் முதலில் சம்மதிக்கவில்லை. எழுதிய பிறகு, “இவ்வளவுதான் கிடைக்குதா உங்களுக்கு?” என்று பிள்ளைகள் பரிதாபப்பட்டதில் அவருக்கே ஒரு திருப்தி.

சுவர்க் கணக்கு எங்களையும் விடவில்லை. முதலாண்டுப் பையன் ஒருவன் சம்பளம் என்ற வரியைக் காட்டி, கிளாஸ் கழுவுகிற அக்காவுக்கு இதில் எவ்வளவு என்று கேட்டான். பனையேறிக்கு நியாயம் கேட்கிற கேன்டீனில் கழுவுகிறவருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது அதுவரை எங்கள் நோட்டில் இல்லாத வரி. அந்த வாரம் சீட்டுக் கூட்டத்தில் கருப்பட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. கழுவுகிறவரின் சம்பளத்தைத் தனி வரியாக எழுதுவது என்று முடிவாயிற்று. எழுதியதும் அது கூடியது. ஊர் பார்க்கிற சுவரில் குறைந்த தொகையை வைத்திருக்க யாருக்கும் மனம் வராது.

சுவரொட்டி விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். மரத்தில் தொங்குகிற முதியவரின் சுருங்கிய முகம், கீழே கண்ணீர் வசனம், இந்த வகைப் படத்தை ஒட்டவிட மாட்டேன். பனையேறி மகன் என்பதை வசவாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அப்பா என்ன செய்கிறார் என்றால் விவசாயம் என்று எழுதுவார்கள். அவர்களைக் கூப்பிட்டு மேடையில் நிறுத்தி அனுபவம் சொல்லச் சொல்வதும் கூடாது. அவர்களாக வந்தால் வரட்டும். ஒரு பையன் மூன்றாமாண்டில்தான் வந்தான், அதுவும் கலப்படம் பற்றிய கூட்டத்தில், கோபமாக.

கலப்படம் பெரிய தலைவலி. சந்தையில் மலிவாகக் கிடைக்கிற கருப்பட்டியில் பெரும்பகுதி சீனிப் பாகு கலந்தது. உடைத்துப் பார்த்தால் தெரியும். நல்ல கருப்பட்டியின் உள்பக்கம் மங்கலாக, கருத்த பழுப்பாக இருக்கும். சீனி கலந்தது பளபளவென்று மின்னும், வாயில் போட்டால் மணல்போல் நெறுநெறுக்கும், சீக்கிரம் கரையும். இதை நான் செய்து காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பையன் எழுந்தான். “சீனி நாப்பது ரூபா, கருப்பட்டி முந்நூறு ரூபா. நூத்தம்பதுக்கு வேணும்னு கேட்டா வேறென்ன சார் கலக்குறது? எங்க வீட்லயும் கலந்திருக்கோம்.” கூட்டம் அமைதியாகிவிட்டது. கலப்படத்தைப் பரிசோதிக்கிற மாணவர்களுக்கு அன்றிலிருந்து இன்னொரு வேலையும் சேர்ந்தது: சரக்கு வாங்கிய விலையையும் கூடவே எழுத வேண்டும். எந்த விலைக்குக் கீழே சுத்தமான கருப்பட்டி சாத்தியமில்லை என்பதை விறகு, பாட்டம், கூலி எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, அதற்குக் கீழே கேட்பவர் கலப்படத்தைத்தான் கேட்கிறார் என்று வைத்துக்கொள்கிறோம்.

அடுத்த தலைவலி காலண்டர். கருப்பட்டி குவிவது சித்திரை வைகாசியில். கல்லூரி மூடியிருப்பதும் அப்போதுதான். ஜூனில் கதவு திறந்து, கூட்டம் கூடி, காப்பி ஓடத் தொடங்கும்போது சீசன் முடிகிற நேரம். வேறு ஊர்க் கல்லூரிக்காரர்கள் எங்களைப் பார்த்து இதைச் செய்ய விரும்பினால் நான் முதலில் கேட்பது: வைத்துக்கொள்ள இடம் இருக்கிறதா? கருப்பட்டி ஈரம் பட்டால் இளகி ஒழுகிவிடும். ஐப்பசி மழையில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள்கூட வியர்க்கும். வீடுகளில் ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள், புகை படப் பட நிற்கும். விடுதி சமையலறையில் விறகடுப்பு போய் கேஸ் வந்துவிட்டதால் புகை இல்லை. ஓலைக் கொட்டானை மரப்பலகை மேல், சுவரில் ஒட்டாமல் அடுக்கி, வெயில் நாட்களில் திறந்து உலர்த்துகிறோம். கொட்டான் முடைகிற பெண்களுக்கு அதனால் தனி ஆர்டர் போகிறது. ராமேஸ்வரத்தில் யாத்திரிகர்கள் வாங்குகிற கலர் ஓலைப்பெட்டியை முடைகிற அதே கைகள்தான்.

மாணவர்கள் மூன்று ஆண்டில் போய்விடுவார்கள் என்பது எந்தக் கல்லூரிப் பிரச்சாரத்துக்கும் உள்ள சாபம். சூடாகப் பேசியவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு திருப்பூர் போய்விடுவார்கள், சென்னை போய்விடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் நினைவை நோட்டில் வைக்கிறோம்: யார் வீட்டில் எத்தனை மரம் ஏறுகிறார்கள், எந்தப் பக்கத்துக் கருப்பட்டி பாலில் திரியாது, எந்த மாதம் யாரிடம் போய்ப் பேச வேண்டும். அதைவிட உறுதியானது டெண்டர் படிவம். ஒப்பந்தக்காரர் மாறினாலும் முதல்வர் மாறினாலும் படிவத்தில் உள்ள வரி நிற்கும். இனிப்பு வாங்கிய ரசீதை மாதந்தோறும் கேன்டீன் சுவரில் ஒட்ட வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்காக நாங்கள் நடந்த நடை, மாணவர் பேரணிக்குச் செலவாகியிருந்தால் இரண்டு தெரு அதிர்ந்திருக்கும். அதிர்ந்த தெரு மறுநாள் அடங்கிவிடும், அதனால்தான் படிவம்.

அரசாங்கமும் சும்மா இல்லை. பனை 1978 முதல் மாநில மரம். 2021 ஆகஸ்டில் வந்த தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள், ஒரு லட்சம் கன்றுகள் என்று அறிவித்தார்கள், ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றார்கள், ரேஷன் கடையில் கருப்பட்டி விற்பது பற்றியும் பேசினார்கள். விதை போடுவது நல்லது. ஆனால் பனை வளர்ந்து பாளை விட பதினைந்து, இருபது ஆண்டு ஆகும். அதுவரை இருக்கிற மரத்தில் ஏற ஆள் இருக்க வேண்டும். ஏறுகிறவர் மகன் ஏறுவானா என்று கேட்டால், எங்கள் சீட்டில் உள்ள வீடுகளில் பெரும்பாலோர் வேண்டாம் என்கிறார்கள். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. உயிரைப் பணயம் வைக்கிற வேலையைப் பாரம்பரியம் என்று சொல்லி அடுத்த தலைமுறையின் தலையில் கட்ட எனக்கு உரிமையும் இல்லை. இருக்கிறவர் ஏறுகிற வரைக்கும் கடனில்லாமல் ஏறட்டும் என்பது மட்டும்தான் இந்தச் சீட்டின் எல்லை.

இப்போதைய இழுபறி இது. ஒப்பந்தக்காரர் ஆண்டு முழுவதுக்கும் ஒரே விலை வேண்டும் என்கிறார், அவர் காப்பி விலையை நடுவில் மாற்ற முடியாது. பனையேறி வீடுகளில், தை மாதம் பாளை எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விலை சொல்ல முடியும் என்கிறார்கள். “வானத்தைப் பாக்காம வாக்குக் கொடுக்க முடியுமா வாத்தியாரே?” என்று திருப்புல்லாணிப் பக்கத்துப் பெரியவர் கேட்டார். கார்த்திகைத் தவணையின்போது இதற்குக் கீழே போகாது என்று ஓர் அடிவிலை மட்டும் எழுதிக்கொள்வது, பங்குனியில் கூடி மேலே எவ்வளவு என்று தீர்ப்பது, ஏற்றத்தைச் சீட்டுக்காரர்களும் கேன்டீனும் பாதிப் பாதி ஏற்பது என்று ஒரு வரைவு வைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஒப்பந்தக்காரர் பாதியைக் கால்வாசியாக்கச் சொல்கிறார். பெரியவர் பங்குனியை வேண்டாம், மாசிக் கடைசியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார், பங்குனியில் அவருக்கு மரத்திலிருந்து இறங்கவே நேரம் இருக்காதாம்.